உள்ளே ஒட்டியிருப்பதைப் பிரித்துவிட்டால் வலி போய்விடுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 36 வயது. இரண்டு சிசேரியன். அதற்கு அப்புறம் கர்ப்பப்பையில் நார்க்கட்டி வந்து, வயிற்றைத் திறந்து கட்டியை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஒரு வருடமாக வலது அடிவயிற்றில் இழுத்துப் பிடிப்பது போல வலி. ஸ்கேன் நார்மல். ஒரு டாக்டர், “உள்ளே ஒட்டியிருக்கும், லேப்ராஸ்கோபி பண்ணிப் பிரித்துவிடலாம்” என்கிறார். சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்கிற ஆபரேஷன் அது. இன்னொருவர், “ஒன்றுமில்லை, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்” என்று அனுப்பிவிட்டார். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாமல் தண்ணீர்க் குடம் தூக்கியதால் வந்த வினை என்பது மாமியாரின் தீர்ப்பு. ஒட்டுதல் என்றால் என்ன, அது ஏன் வருகிறது என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறு இரண்டு கேள்விகள் நிற்பதாக எனக்குப் படுகிறது. இது நான் இழுத்துவிட்டுக்கொண்டதா? இன்னொரு முறை ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளலாமா? முதலாவதற்கு, இல்லை என்று இப்போதே சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு, வலி ஒன்றுக்காக மட்டும் என்றால் அவசரப்படாதீர்கள் என்பது என் பதில். நான் பெண்கள் நல மருத்துவர். லேப்ராஸ்கோபி வழியாகவும் வயிற்றைத் திறந்தும் ஆபரேஷன் செய்கிற ஆள். ஒட்டிப்போன வயிறுகளுக்குள் நிறைய நேரம் செலவழித்திருக்கிறேன். ஆனாலும் உங்கள் வயிற்றில் கை வைத்துப் பார்க்காமல் உங்கள் வலிக்கு இதுதான் காரணம் என்று எழுத முடியாது. எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

வயிற்றுக்குள் குடல், கர்ப்பப்பை, மூத்திரப்பை இவற்றையெல்லாம் போர்த்திக்கொண்டு பெரிட்டோனியம் என்கிற மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் மேல்பரப்பு ஒரே ஒரு அடுக்கு செல்கள்தான். எப்போதும் ஈரமாக, வழுவழுப்பாக இருப்பதால்தான் குடல் பாட்டுக்கு அசைந்துகொண்டிருக்கிறது, நமக்கு எதுவும் தெரிவதில்லை. ஆபரேஷனில் கத்தி படுகிற இடம், கரண்ட் வைத்துப் பொசுக்குகிற இடம், பஞ்சுத் துணி உரசுகிற இடம், காற்றுப் பட்டுக் காய்ந்துபோகிற இடம் என்று பல இடங்களில் அந்த ஒற்றை அடுக்கு உரிந்துவிடும். சில மணி நேரத்திலேயே அங்கே ஃபைப்ரின் என்ற பிசுபிசுப்பான புரதம் படியும். பக்கத்தில் இருக்கிற பரப்பும் உரிந்திருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இதுவரை எல்லோருக்கும் நடப்பதுதான். அதைக் கரைக்கிற வேலையையும் இதே சவ்வு செய்கிறது. அதன் செல்கள் சுரக்கும் டி.பி.ஏ. என்ற பொருள் ஃபைப்ரினைக் கரைக்கும் வேதி மாற்றத்தைத் தொடங்கி வைக்கிறது. அடிபட்ட திசுவுக்கு ரத்த ஓட்டம் குறைந்தாலோ, அங்கே கிருமியோ அழற்சியோ இருந்தாலோ அந்தச் சுரப்பு குறைந்துபோகிறது. மூன்று நாலு நாளில் கரையாமல் மிச்சமிருக்கிற ஃபைப்ரினுக்குள் தழும்பு திசுவை உண்டாக்கும் செல்கள் புகுந்து கொலாஜன் நாரைப் போடத் தொடங்கும். பிறகு சிறு ரத்தக் குழாய்கள் வரும், சில சமயம் நரம்பு இழைகளும் வரும். ஏறக்குறைய முதல் ஏழு நாளுக்குள் ஒட்டுமா ஒட்டாதா என்பது முடிவாகிவிடுகிறது. பிறகு நடப்பதெல்லாம் அந்த நார் இறுகுவதும் இழுபடுவதும்தான்.

மாமியாருக்கான பதில் இதிலேயே இருக்கிறது. மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ தூக்கிய குடம், முதல் வாரத்திலேயே முடிந்துபோன விஷயத்தை மாற்றியிருக்க முடியாது. சீக்கிரம் பாரம் தூக்கினால் வெட்டின் வழியாகக் குடல் பிதுங்கும் ஹெர்னியா வரலாம், அது வேறு சங்கதி. அதே போல கத்தரிக்காய் சாப்பிட்டதாலும், தலைக்குக் குளித்ததாலும், படுத்தே கிடந்ததாலும் உள்ளே ஒட்டுவதில்லை. வெளியே தையல் போட்ட இடம் தடித்துக் கெலாய்டாகிற உடம்பு என்பதால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. வெளியே அழகான மெல்லிய கோடு, உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன்.

உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டீர்களானால், ஒரே மாதிரி இருக்காது. லேப்ராஸ்கோபிக் கேமரா தொப்புள் வழியாக இறங்கியதும் சிலருக்கு வயிற்றுச் சுவரிலிருந்து கொழுப்புத் திரை தொங்கிக்கொண்டிருக்கும். பழைய வெட்டின் உள்பக்கத்தில் அது போய் ஒட்டியிருக்கும். சிலருக்குக் கர்ப்பப்பைக்கும் குடலுக்கும் நடுவே பாலாடை மாதிரி மெல்லிய படலம். கருவியின் முனையால் லேசாக இழுத்தாலே பிரிந்துவிடும், ரத்தம்கூட வராது. இன்னும் சிலருக்கு மூத்திரப்பை சிசேரியன் தழும்பின் மேல் ஏறி உட்கார்ந்து, எது கர்ப்பப்பை எது மூத்திரப்பை என்று கோடு தெரியாமல் இறுகிப்போயிருக்கும். அங்கே கத்தரி வைக்கிற ஒவ்வொரு இடத்திலும் யோசிக்க வேண்டும். இந்தக் கடைசி வகையும் முதல் இரண்டும் ஒரே பெயரில்தான் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்படுகின்றன, அதனால் நோயாளிக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்கிறது.

எந்த ஆபரேஷனில் அதிகம் என்றால், நார்க்கட்டி எடுப்பது, சினைப்பையில் செய்வது, எண்டோமெட்ரியோசிஸுக்காக (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்கிற நோய்) செய்வது ஆகியவை முன்னணியில் நிற்கும். நார்க்கட்டி எடுக்கும்போது கர்ப்பப்பையின் முன்பக்கம் வெட்டினால் ஒட்டுவதைவிடப் பின்பக்கம் வெட்டினால் அதிகம் ஒட்டும், ஏனென்றால் குடலும் சினைப்பையும் அந்தப் பக்கம்தான் கிடக்கின்றன. வயிற்றைத் திறந்து செய்ததைவிட லேப்ராஸ்கோபியில் புதிய ஒட்டுதல் குறைவு என்பது உறுதி. ஒட்டவே ஒட்டாது என்று விளம்பரத்தில் சொன்னால் அதை நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். அப்படியென்றால் நம் ஊரில் வயிற்றுக்குள் ஏதாவது ஓரிடத்தில் ஒட்டியிருக்கிற பெண்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

எத்தனை பேருக்கு இதனால் பிரச்சினை வருகிறது என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ஸ்காட்லாந்து ஆய்வு. 1986-ல் அங்கே வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்து, 1999-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவர் சராசரியாக இரண்டு முறை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்றில் ஒருவர் கணக்கில், ஒட்டுதல் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டதையும், இனி வேறு ஆபரேஷன் செய்தால் ஒட்டுதல் அதைச் சிக்கலாக்கலாம் என்பதையும் சேர்த்துவிட்டார்கள். அந்த மறு அனுமதிகளில் நேரடியாக ஒட்டுதலால்தான் வந்தது என்று சொல்ல முடிந்தவை 5.7 சதவீதம். முதல் எண்ணை மட்டும் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களை நிறையப் பார்க்கலாம்.

இனி உங்கள் வலிக்கு வருகிறேன். வலியோடு வந்த ஒரு பெண்ணுக்குள் கேமரா விட்டுப் பார்த்தோம், ஒட்டியிருந்தது, ஆகவே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்டுவது ரொம்ப சுலபம். டாக்டருக்கும் திருப்தி, நோயாளிக்கும் திருப்தி. சிக்கல் என்னவென்றால், வலியே இல்லாமல் கருத்தடைக்காகவோ வேறு எதற்காகவோ லேப்ராஸ்கோபி செய்கிற பெண்களுக்குள்ளும் இதே ஒட்டுதல் கிடக்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதற்கும் எவ்வளவு வலிக்கிறது என்பதற்கும் நேரான தொடர்பு இல்லை. ஒட்டுதலுக்குள் நரம்பு இழைகள் இருப்பதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வலி உள்ளவர்களின் ஒட்டுதலிலும் இல்லாதவர்களின் ஒட்டுதலிலும் அவை காணப்படுகின்றன. ஒரு உறுப்பு அசைய முடியாமல் இழுபட்டால் வலிக்கும் என்பது நியாயமான ஊகம், சிலருக்கு உண்மையும்கூட. யாருக்கு உண்மை என்று முன்கூட்டியே சொல்ல நம்பகமான வழி இன்னும் வரவில்லை.

சரி, பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் நாள்பட்ட வயிற்றுவலி உள்ள 100 பேருக்கு லேப்ராஸ்கோபி செய்து ஒட்டுதல் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு ஒட்டுதலைப் பிரித்தார்கள், மறு பாதிக்குப் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். யாருக்கு என்ன செய்தது என்பது நோயாளிகளுக்குச் சொல்லப்படவில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் வலி கணிசமாகக் குறைந்திருந்தது, ஏறக்குறைய ஒரே அளவில். 2003-ல் லான்செட்டில் வந்தது இது. அதே ஆட்களைப் பன்னிரண்டு வருடம் கழித்துத் தேடிப்பிடித்துக் கேட்டபோது, பிரித்துக்கொண்டவர்களின் நிலைமைதான் சற்று மோசம். அதற்கு முன்பு 1992-ல் வெளிவந்த, 48 பெண்களை வைத்துச் செய்த ஒரு சிறிய டச்சு ஆய்விலும் பொதுவாகப் பலன் தெரியவில்லை. குடலைப் பிடித்துக்கொண்டிருக்கிற, ரத்தக் குழாய் ஓடுகிற தடித்த ஒட்டுதல் உள்ளவர்களுக்கு மட்டும் பலன் இருந்தது. இந்த விதிவிலக்கை நான் மதிக்கிறேன். என் அனுபவமும் ஏறக்குறைய அதுதான். மெல்லிய படலத்தைப் பிரித்ததால் பல வருட வலி நின்றது என்று யாராவது சொன்னால், சந்தோஷம் என்று சொல்லிவிட்டு மனதுக்குள் சந்தேகப்படுவேன். பிரித்ததில் கணிசமான பகுதி திரும்ப ஒட்டிக்கொள்கிறது, ஏனென்றால் பிரிப்பதும் ஒரு ஆபரேஷன்தான், சவ்வு மறுபடி உரிகிறது. பிரிக்கும்போது குடலிலோ மூத்திரப்பையிலோ ஓட்டை விழும் ஆபத்தும் உண்டு. அது அப்போதே கண்ணில் பட்டால் தைத்துவிடலாம்; படாமல் போனால் மூன்றாம் நாள் நான்காம் நாள் காய்ச்சலும் வயிற்று உப்புசமுமாக வந்து உயிருக்கே உலை வைக்கும்.

அப்படியானால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது? “ஒன்றுமில்லை” என்று அனுப்பியவரோடு நான் உடன்படவில்லை. வலி உள்ளுறுப்பிலிருந்து வருகிறதா, வயிற்றுச் சுவரிலிருந்து வருகிறதா என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் ஐந்து நிமிடத்தில் ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். மல்லாந்து படுக்கவைத்து, வலிக்கிற இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்வேன். சிலர் உள்ளங்கையால் அடிவயிறு முழுவதும் தடவிக் காட்டுவார்கள். சிலர் ஒரு விரல் நுனியால் ஒரே புள்ளியைக் குத்திக் காட்டுவார்கள், பெரும்பாலும் அடிவயிற்றில் குறுக்கே போட்ட பிகினி வெட்டின் ஓரத்திலோ அதற்குச் சற்று மேலேயோ. அந்தப் புள்ளியில் என் விரலை அழுத்திக்கொண்டு, கையை ஊன்றாமல் தலையையும் தோளையும் மட்டும் தூக்கச் சொல்வேன். வயிற்றுத் தசை இறுகும். வலி உள்ளே இருந்து வருவதானால் இறுகிய தசை உள்ளுறுப்பை மறைத்துவிடும், வலி குறையும். தசையிலோ, தசைக்குள் மாட்டிய நரம்பிலோ இருந்து வருவதானால் அழுத்தும் வலி கூடும். 1926-ல் கார்னெட் என்ற அறுவை மருத்துவர் எழுதி வைத்த சோதனை இது. ஏறக்குறைய நூறு வருடம் ஆகியும், இன்னும் ரொம்பப் பேர் செய்து பார்ப்பதில்லை. சிசேரியனுக்குக் குறுக்கே போடுகிற வெட்டின் இரு முனைகளிலும் இலியோஇங்குவினல், இலியோஹைப்போகாஸ்ட்ரிக் என்ற இரண்டு நரம்புகள் ஓடுகின்றன. அவை தையலில் சிக்கலாம், தழும்புக்குள் மாட்டலாம். எரிச்சல், சுருக்கென்று குத்துவது, தொடையின் உள்பக்கம் வரை இழுப்பது, திரும்பிப் படுத்தால் கூடுவது, தோல் மரத்துப்போயிருப்பது எல்லாம் அதன் அடையாளம். அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டால் சில நிமிடத்தில் வலி விலகும், அதுவே நோயைக் கண்டுபிடிக்கும் முறையும் வைத்தியத்தின் முதல் படியும். ஒரே வெட்டின் வழியாக மூன்று முறை வயிறு திறந்திருந்தால் இதைத்தான் நான் முதலில் தேடுவேன். உங்கள் கேள்வியில் அந்த விவரம் இல்லை. பழைய வெட்டிலேயே மறுபடி திறந்தார்களா என்று பாருங்கள்.

மாதவிலக்கு வரும்போது மட்டும் வலி கூடி, தழும்பில் ஒரு கடினமான முடிச்சு கையில் தட்டுப்பட்டால், கர்ப்பப்பையின் உள்சவ்வு தழும்புக்குள் தங்கி வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ். அதை முழுதாக வெட்டி எடுத்தால் பெரும்பாலும் நன்றாகிவிடும். தாம்பத்தியத்தின்போது ஆழத்தில் வலி, மாதவிலக்கின்போது மலம் கழிக்க வலி என்றால் உள்ளே இடுப்புக்குழியில் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம். ஒட்டுதலை அதுவும் உண்டாக்கும், ஆனால் வைத்தியம் வேறு. சாப்பிட்டால் உப்புசம், மலம் போனால் வலி குறைகிறது என்றால் குடலின் எரிச்சல் நோய் பக்கம் பார்க்க வேண்டும். இதோடு நம் நாட்டில் மறக்கக்கூடாதது கர்ப்பப்பைக் குழாயில் வருகிற காசநோய். இருமல் எதுவும் இல்லாமலே வந்து, ஆபரேஷனே செய்யாத வயிற்றுக்குள்ளும் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டவைத்துவிடும் நோய் அது. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, மாதவிலக்கு குறைந்துபோவது, குழந்தை தங்காமல் இருப்பது போன்றவை சேர்ந்திருந்தால் உங்கள் டாக்டரிடம் அந்தச் சொல்லை நீங்களே எடுங்கள்.

ஸ்கேன் நார்மல் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண ஸ்கேன் கட்டியைக் காட்டும், நீர்க்கட்டியைக் காட்டும். மெல்லிய ஒட்டுதலைக் காட்டாது. சி.டி.யும் அப்படித்தான். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில், அனுபவம் உள்ளவர் கருவியால் லேசாகத் தள்ளி, கர்ப்பப்பை குடலின்மேல் வழுக்குகிறதா, சினைப்பை நகர்கிறதா என்று பார்க்கலாம். வழுக்கவில்லை என்றால் கெட்டியாக ஒட்டியிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். படத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற ஸ்கேனில் இந்த விவரம் இருக்காது, அசைவைப் பார்க்கும்படி கேட்டுத்தான் செய்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் ஒட்டுதல் விளையாட்டு சமாச்சாரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் நிஜமான ஆபத்து குடல் அடைப்பு. ஒரு நார்ப் பட்டையின் அடியில் சிறுகுடல் நுழைந்து முறுக்கிக்கொண்டால் அடைத்துவிடும். ஆபரேஷன் முடிந்த மாதத்திலும் வரலாம், இருபது வருடம் கழித்தும் வரலாம். கனடாவில் ஒரு ஆஸ்பத்திரிக் கணக்கில், வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 16 பேருக்கும், சிசேரியனுக்குப் பின் பத்தாயிரத்துக்குச் சுமார் 5 பேருக்கும் வந்திருந்தது. அபூர்வம்தான், ஆனால் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்: அலை அலையாகச் சுருட்டிப் பிடிக்கிற வலி, திரும்பத் திரும்ப வாந்தி, அதிலும் பச்சையாக வருவது, வயிறு உப்பிக்கொண்டே போவது, மலமும் காற்றும் பிரியாமல் நிற்பது. இவை சேர்ந்து வந்தால் ஓமம், பெருங்காயம், சோடா என்று வீட்டில் நேரம் கடத்தாமல் அறுவைப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அன்றே போக வேண்டும். பேதி மாத்திரை போடவே கூடாது. பெரும்பாலோருக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு, டிரிப் ஏற்றி, ஓரிரு நாள் பார்த்தாலே அடைப்பு திறந்துவிடும். விடாத வலி, காய்ச்சல், நாடித்துடிப்பு ஏறுவது என்றால் குடலுக்கு ரத்தம் போகாமல் இருக்கலாம் என்று பொருள், அப்போது ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது. முன்பு நான் சொன்ன தயக்கமெல்லாம் இந்த இடத்தில் செல்லாது.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்களின் கணக்கும் வேறு. கருக்குழாயின் நுனி, சினைப்பையிலிருந்து முட்டையைப் பிடிக்க அசைந்துகொடுக்க வேண்டும். அது ஒட்டிப்போனால் குழாய் திறந்திருந்தும் பயன் இல்லை. சாயம் விட்டு எக்ஸ்ரே எடுக்கிற பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்து, லேப்ராஸ்கோபியில் இந்த ஒட்டுதல் தெரிவதுண்டு. வயது குறைவாக இருந்து, ஒட்டுதல் மெல்லியதாகவும் குழாய் நல்லபடியாகவும் இருந்தால் பிரிப்பதில் அர்த்தம் இருக்கிறது. கெட்டியாக இறுகிக் குழாயே நாசமாகியிருந்தால் நேராக ஐ.வி.எஃப். பக்கம் போவது காலத்தை மிச்சப்படுத்தும். கர்ப்பப்பையின் உள்ளேயே இரண்டு சுவரும் ஒட்டிக்கொள்வது இன்னொரு வகை. 1948-ல் ஜோசஃப் ஆஷர்மன் விரிவாக எழுதியதால் அவர் பெயரில் வழங்குகிறது. கருச்சிதைவுக்கோ பிரசவத்துக்கோ பின் சுரண்டிச் சுத்தம் செய்தவர்களுக்கு, பிறகு மாதவிலக்கு ரொம்பக் குறைந்துபோனாலோ நின்றேவிட்டாலோ இதைச் சந்தேகிக்க வேண்டும். கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்து அங்கேயே பிரித்துவிடலாம். இங்கே பிரிப்பதால் கிடைக்கிற பலன் தெளிவானது, வயிற்று ஒட்டுதலோடு இதைப் போட்டுக் குழப்பக்கூடாது.

மாத்திரையில் கரையுமா என்று தவறாமல் கேட்பார்கள். கரையாது. சீட்டில் செராஷியோபெப்டிடேஸ், டிரிப்சின்–கைமோடிரிப்சின் என்று எழுதித் தருவது நம் ஊரில் பழக்கம். ஆறிப்போன ஒட்டுதலை அவை கரைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. செராஷியோபெப்டிடேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஜப்பானிய நிறுவனமே, மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட அது மேலானதாகத் தெரியவில்லை என்று ஆனபின் 2011-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. விளக்கெண்ணெய் ஒத்தடம் கொடுத்தால் தசை தளர்ந்து சுகமாக இருக்கும், தாராளமாகச் செய்யுங்கள், ஒட்டுதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வயிற்றை அழுத்திப் பிசைந்து உள்ளே பிரித்துவிடுவதாகச் சொல்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். இடுப்புத் தசைகளுக்கான பிசியோதெரபி வேறு. தசை இறுகி வலி வருகிற பெண்களுக்கு அது நன்றாகவே உதவுகிறது.

அடுத்து ஆபரேஷனுக்குத் தயாராகிறவர்களுக்கு. தடுப்பதில் பெரும்பங்கு அறுவை மருத்துவரின் கையில் இருக்கிறது: திசுவை மென்மையாகக் கையாள்வது, ஈரமாக வைத்திருப்பது, ரத்தக் கசிவைச் சுத்தமாக நிறுத்துவது, தேவையில்லாத இடத்தில் தையல் போடாமல் இருப்பது. கையுறையில் தூவும் பவுடர்கூட உள்ளே விழுந்து ஒட்டுதலை உண்டாக்கும். அமெரிக்காவில் பவுடர் கையுறைகளை 2016 டிசம்பரில் தடை செய்தார்கள். பெரிட்டோனியச் சவ்வைத் தைத்து மூடினால் ஒட்டாது என்று ஒரு காலத்தில் நம்பினோம், பிறகு தைக்காமல் விட்டால்தான் ஒட்டாது என்று சண்டை நடந்தது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் சிசேரியன் பெண்களிடம் நடந்த கொரோனிஸ் ஆய்வில் மூன்று வருடம் பின்தொடர்ந்தும் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. ஒட்டுதலைத் தடுக்க உள்ளே வைக்கிற படலங்களும், விட்டுவருகிற ஐகோடெக்ஸ்ட்ரின் திரவமும் கிடைக்கின்றன. படலம் வைத்தால் ஒட்டுதல் குறைகிறது என்பது உண்மைதான். செல்லுலோஸ் படலத்தின் அடியில் ரத்தம் கசிந்தால் அந்தப் பலனும் போச்சு. படலம் வைத்ததால் வலி குறைந்தது, குழந்தை பிறப்பது கூடியது என்று காட்ட இன்னும் முடியவில்லை. விலையும் கொஞ்சம் அல்ல. குழந்தை வேண்டும் என்கிற பெண்ணுக்கு நார்க்கட்டி எடுக்கும்போது நான் பயன்படுத்துவதுண்டு. எல்லோருக்கும் பில்லில் சேர்ப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் விஷயத்தில், நான் சொன்ன தலை தூக்கும் சோதனையைச் செய்து பார்க்கிற ஒரு டாக்டரையும், அசைவைப் பார்த்து ஸ்கேன் செய்கிறவரையும் தேடுங்கள். வலி எந்த நாளில், என்ன செய்யும்போது, மாதவிலக்கோடு எப்படி, மலம் மூத்திரத்தோடு எப்படி என்று இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். லேப்ராஸ்கோபி என்று முடிவானால், என்ன பார்த்தால் பிரிப்பீர்கள், என்ன பார்த்தால் விட்டுவிடுவீர்கள், எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் அப்போதே எடுப்பீர்களா என்ற மூன்றையும் மயக்க ஊசிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மூன்று ஆபரேஷன்களின் குறிப்பும் ஆஸ்பத்திரிகளிடம் இருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, உள்ளே என்ன பார்த்தார்கள், எங்கே வெட்டினார்கள் என்று எழுதிய ஆபரேஷன் நோட்டைக் கேட்டு வாங்கி நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பித்தப்பைக் கல்லுக்காக வேறு ஊரில் வேறு யாரோ கேமரா விட நேர்ந்தால்கூட, முதல் துளையைத் தொப்புளில் போடுவதா, இல்லை இடது விலா எலும்புக்குக் கீழே தள்ளிப் போடுவதா என்று அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் அவர் தீர்மானிப்பார்.